அப்பத்தா பெயரில் யாரோ வாங்கிய சிம்

காரைக்குடியில் எங்கள் பூர்வீக வீட்டுக்குப் பங்காளிகள் பலர். பத்திரம், வரி, மின் இணைப்பு என்று எல்லாவற்றுக்கும் அப்பத்தாவின் ஆதார் நகல் ஊர் சுற்றியிருக்கிறது. மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அவர் கைபேசி எண்ணைக் கொடுத்து, வந்த ஓடிபியைப் போட்டுப் பார்த்தேன். அவருக்கே தெரியாத சிம் இணைப்புகள் அவர் பெயரில் இருந்தன! அந்த எண்களைத் தேர்ந்தெடுத்து, 'இது என் எண் இல்லை' என்று புகார் கொடுத்தேன். பிறகு துண்டித்துவிட்டார்கள்.

ஆனால் எனக்குப் பெரிய பயம் கைரேகையில்தான். ஆதார் எண்ணும் கைரேகையும் இருந்தால் ஓடிபி இல்லாமலே வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கலாம். பத்திரங்களில் இருந்த ரேகையைப் போலியாகச் செய்து பணம் பறித்த வழக்குகள் நம் நாட்டில் உண்டு. அதனால் ஆதார் ஆணையத்தின் மைஆதார் தளத்தில் அப்பத்தாவின் பயோமெட்ரிக்கை, அதாவது கைரேகை போன்ற உடல் அடையாளப் பதிவுகளைப் பூட்டினேன்.

"அப்ப ரேஷன் கடையில அரிசி போடுவாகளா?" என்றார். நியாயமான கேள்வி. கடைக்குப் போகும்போது தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம், சற்று நேரத்தில் தானே பூட்டிக்கொள்ளும். பதிவு செய்த கைபேசி எண் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது யார் நகல் கேட்டாலும் முதல் 8 இலக்கம் மறைத்த ஆதாரைத்தான் முதலில் நீட்டுகிறோம். ஆதார் எங்கெல்லாம் பயன்பட்டது என்ற வரலாற்றையும் மைஆதார் தளத்திலேயே அவ்வப்போது பார்க்கிறேன். பணமே போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.