பழைய பெருங்கடையைத் திருத்தும்போது விடுகிற பிழைகள்

யாழ்ப்பாணம் பெரியகடைப் பக்கம் பழைய கடையொன்றைத் திருத்த இறங்குபவர் முதலில் வாங்குவது சீமெந்து. பிழை அங்கேயே தொடங்குகிறது.

சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுண்ணக்கல் சுவர், நிலத்து ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அதன்மேல் சீமெந்து பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி மேலே ஏறும். முழங்காலளவில் நின்ற கறை நெஞ்சளவுக்கு வரும். கூட வந்த உப்பு, பூச்சுக்குப் பின்னால் மணிமணியாக உறைந்து அதைத் தள்ளும். விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பாருங்கள். வெறும் பெட்டியைத் தட்டியதுபோல் கேட்டால் பூச்சு கல்லை விட்டுவிட்டது.

அதை உளியைச் சரித்துப் பிடித்துக் கழற்ற வேண்டும். மெசினால் குத்தினால் கல்லின் முகமும் சேர்ந்து போகும். சுவரைச் சில மாதம் காயவிட்டபின், நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு கலந்து பூசுங்கள். கடற்கரை மணல் போட்டால் உப்பைக் கூலி கொடுத்து உள்ளே ஏற்றியதாகும். ஒரு தடவைக்கு 10 மில்லிமீற்றருக்கு மேல் அப்பாதீர்கள். ஈரச்சாக்குத் தொங்கவிட்டு ஒரு வாரமாவது வெயில் படாமல் வைத்திருங்கள். “கொஞ்சம் சீமெந்து கலந்தால் கெதியாய் இறுகும்” என்பார் மேசன். அதற்கு மட்டும் தலையாட்டக் கூடாது. கடைசியில் ஈரத்தை அடைக்கும் எமல்ஷன் பெயின்ற் அடித்தாலும் பட்ட பாடு வீண். வெள்ளைச் சுண்ணாம்பை மெல்லிசாக மூன்று நான்கு தடவை அடித்தால் போதும்.

அடுத்தது சீலிங். பழைய பெருங்கடைகளின் உயரம் வெறும் எடுப்புக்காக விட்டதல்ல. பாரிஸில் கலறி லஃபாயெத் கடைக்கு 1912இல் போட்ட கண்ணாடிக் குவிமாடம் பகல் வெளிச்சத்தைக் கீழ்த்தளம்வரை இறக்கியது. ஏ.சி.க்காக இங்கே ஜிப்சம் பலகையைத் தாழ அடித்தால் மேல் யன்னல்களும் கண்ணாடி ஓடுகளும் மறைந்துவிடும். பிறகு சேலை வாங்க வந்தவர் அதை வாசலுக்குக் கொண்டுபோய்த்தான் நிறம் பார்ப்பார். ஓடு ஒழுகுவதும் கறையான் ஏறுவதும் வளை உக்கிய பிறகே தெரியவரும். அடித்தே ஆகவேண்டுமென்றால் மேல் யன்னலுக்குக் கீழே இறக்காமல், ஆள் ஏறிப் பார்க்க ஒரு திறப்பு விடுங்கள்.

தேக்குக் கவுண்டர், அலுமாரிகளில் உரசும் மெசினை வைக்கவே வேண்டாம். மறைவான மூலையில் ஸ்பிரிற் நனைத்த பஞ்சை ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். இளகி ஒட்டினால் அது அரக்குப் பொலிஷ். துடைத்துவிட்டு அதன் மேலேயே புதிதாகப் போடலாம். இளகாவிட்டால், பின்னாளில் யாரோ வார்னிஷ் அடித்திருக்கிறார்கள்.