எதிரணியின் ஊரில் சிவப்புத் தொப்பியுடன்: சிறு குழந்தைகளை பேஸ்பால் ஆட்டத்துக்கு அழைத்துச் செல்வது எப்படி?

பிட்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்கு ஆண்டுக்கு ஒரு முறையாவது போய்வருவது ஓஹையோவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வழக்கம். நாங்கள் இருக்கும் கொலம்பஸிலிருந்து ஏறத்தாழ 185 மைல். குழந்தைகள் ஒத்துழைத்தால் மூன்று மணி நேரப் பயணம். ஒருமுறை நாங்கள் திட்டமிட்டிருந்த அதே வார இறுதியில் எங்கள் அணியான சின்சினாட்டி ரெட்ஸ் அங்கே பைரேட்ஸ் அணியுடன் ஆடுவதைக் கண்டுபிடித்த ஏழு வயது மகன், "சனிக்கிழமை சாமிக்கு, ஞாயிற்றுக்கிழமை எனக்கு" என்று ஒப்பந்தம் பேசிவிட்டான். நான்கு வயது மகளுக்கு பேஸ்பாலில் எந்த நாட்டமும் இல்லை. அண்ணன் போகும் இடத்துக்குத் தானும் போக வேண்டும், அவ்வளவுதான்.

அந்தப் பயணத்தில் நான் செய்த தவறு ஒன்று உண்டு. அதை இரண்டாம் படியில் விரிவாகச் சொல்கிறேன். மறுமுறை போனபோது அதைத் திருத்திக்கொண்டோம். ஆட்டத்தின் விதிகளும் பயணச்சீட்டு வாங்கும் முறையும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொண்டே எழுதுகிறேன். குழந்தைகள் இதுவரை எந்த மைதானத்துக்குள்ளும் கால் வைத்ததில்லை என்றால், முதலில் உள்ளூர் மைனர் லீக் (மேஜர் லீக்குக் கீழ்நிலையில் உள்ள அணிகளின் போட்டி) ஆட்டம் ஒன்றுக்கு அழைத்துப் போய் ஒத்திகை பாருங்கள். கொலம்பஸில் இருப்பவர்களுக்கு கிளிப்பர்ஸ் அணி இருக்கிறது. இரண்டாவது இன்னிங்ஸிலேயே வீட்டுக்குத் திரும்ப நேர்ந்தாலும் அங்கே இழப்பு பெரிதாக இராது.

முதல் படி: ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தல்

ரெட்ஸ், பைரேட்ஸ் இரண்டும் நேஷனல் லீக் மத்தியப் பிரிவைச் சேர்ந்தவை. 2023 முதல் நடைமுறையில் உள்ள அட்டவணைப்படி ஒரே பிரிவைச் சேர்ந்த இரு அணிகள் ஒரு பருவத்தில் 13 முறை மோதுகின்றன. அவற்றில் ஆறோ ஏழோ ஆட்டங்கள் எதிரணியின் ஊரில் நடக்கும். சிறு குழந்தைகள் இருந்தால் ஞாயிறு பிற்பகல் ஆட்டத்தைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். மாலை 6.40க்குத் தொடங்கும் ஆட்டம் முடிவதற்குள் நான்கு வயதுக் குழந்தை தூங்கிவிடும், அல்லது தூங்காமல் அழும். ஞாயிறு ஆட்டம் முடிந்ததும் சிறுவர்களைக் களத்தில் இறங்கி பேஸ்களைச் சுற்றி ஓடவிடும் வழக்கமும் பல அணிகளிடம் உண்டு. வெளியூர் அணியின் சட்டை அணிந்த குழந்தைகளையும் அதில் சேர்த்துக்கொள்கிறார்கள்.

பிட்சர் பந்து வீசுவதற்கு நேரக் கெடு விதிக்கும் கடிகாரம் 2023இல் வந்த பிறகு, முன்பு சராசரியாக மூன்று மணி நேரத்துக்கு மேல் இழுத்த ஆட்டம் 2 மணி 40 நிமிடத்துக்குச் சுருங்கிவிட்டது. பழைய ரசிகர்கள் சிலருக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. குழந்தை வைத்திருக்கும் எனக்கு இல்லை.

இரண்டாம் படி: இருக்கை (இங்கேதான் நான் சறுக்கினேன்)

வெளியூர் அணி ரசிகர்கள் தம் அணியின் டக்அவுட்டுக்கு (களத்தின் ஓரத்தில் வீரர்கள் அமர்ந்திருக்கும் இடம்) பின்னால் அல்லது அதற்குமேல் உள்ள அடுக்கில் உட்கார முயல்வார்கள். சட்டை நிறம் ஒத்த நாலு பேர் பக்கத்தில் இருப்பார்கள், குழந்தை கத்தினால் சேர்ந்து கத்துவார்கள், ஆட்டத்துக்கு முன்பு வீரர்களை அருகில் காணவும் வாய்ப்பு உண்டு. இவ்வளவும் எனக்குத் தெரிந்தே இருந்தது. தெரியாதது, அந்த டக்அவுட் எந்தப் பக்கம் என்பது.

சின்சினாட்டியில் ரெட்ஸ் அணி முதல் பேஸ் பக்கமும் (மட்டை பிடிப்பவருக்குப் பின்னாலிருந்து பார்த்தால் வலப்பக்கம்) ஆட வந்த வெளியூர் அணி மூன்றாம் பேஸ் பக்கமும் (இடப்பக்கம்) அமர்வது வழக்கம். பல ஆண்டுகளாக அந்த ஒரே மைதானத்தைப் பார்த்துப் பழகிய நான், வந்த அணிக்கு எங்கும் மூன்றாம் பேஸ் பக்கம்தான் என்று நம்பி, பிட்ஸ்பர்க்கிலும் அந்தப் பக்கமே நான்கு இருக்கைகளை வாங்கிவிட்டேன். ஆனால் டக்அவுட் எந்தப் பக்கம் என்பதற்கு லீக் முழுவதற்குமான விதி எதுவும் கிடையாது. ஒவ்வொரு உள்ளூர் அணியும் தனக்கு விருப்பமான பக்கத்தை எடுத்துக்கொள்கிறது. பிட்ஸ்பர்க், கிளீவ்லாந்து, டெட்ராய்ட், டொராண்டோ, சிகாகோவின் இரண்டு அணிகள் ஆகியவை மூன்றாம் பேஸ் பக்கத்தைத் தமக்கென வைத்துக்கொண்டவை. விளைவாக, கறுப்பும் மஞ்சளும் அணிந்த பைரேட்ஸ் ரசிகர்களின் நட்டநடுவில் நாங்கள் நால்வரும் சிவப்பில் உட்கார்ந்திருந்தோம்.

சுற்றி இருந்தவர்கள் எங்களிடம் கண்ணியமாகவே நடந்துகொண்டார்கள். முன்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர் மகளுக்குத் தன் கடலைப் பொட்டலத்தை நீட்டினார். சிக்கல் வேறு இடத்தில் வந்தது. எங்கள் வீரர் ஒருவர் மட்டையுடன் களமிறங்கியபோது சுற்றிலும் எழுந்த "பூ" என்ற ஊளைச் சத்தத்தைத் தன்னை நோக்கி எழுந்ததாகவே எடுத்துக்கொண்ட மகன், அதற்குப் பிறகு மூன்று இன்னிங்ஸ் வாயைத் திறக்கவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். பேசிச் சமாதானப்படுத்த முடியவில்லை; எழுந்து போய் முதல் பேஸ் பக்கத்து நடைபாதையில் நின்று, அங்கே ஒரு சிவப்புச் சட்டைக் கூட்டத்தைக் கண்ட பிறகுதான் அவன் முகம் தெளிந்தது.

எனவே வரிசை இதுதான்: முதலில் அந்த மைதானத்தில் வந்த அணியின் டக்அவுட் எது என்று அணியின் இருக்கை வரைபடத்தில் பாருங்கள், பிறகு விலையைப் பாருங்கள். பிட்ஸ்பர்க்கின் கீழடுக்கில் ஹோம் பிளேட்டுக்கு (மட்டை பிடிப்பவர் நிற்கும் இடம்) பின்னாலிருந்து பகுதி எண் குறையக் குறைய முதல் பேஸ் பக்கம், கூடக் கூட மூன்றாம் பேஸ் பக்கம். நீங்கள் நாட வேண்டியது சிறிய எண்களை. மூன்றாம் பேஸ் பக்க மேலடுக்கிலிருந்து ஆற்றையும் பாலத்தையும் நகரத்துக் கட்டடங்களையும் சேர்த்துக் காண்பது பேரழகு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதை ஓர் இன்னிங்ஸ் அந்தப் பக்கம் நடந்துபோய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

பாதுகாப்பு பற்றியும் ஒரு சொல். 2018 பருவம் முதல் மேஜர் லீக்கின் 30 அணிகளின் மைதானங்களிலும் தடுப்பு வலை குறைந்தது டக்அவுட்டின் கடைசி முனை வரையாவது நீள்கிறது. குழந்தையோடு போகிறவர்கள் வலைக்குப் பின்னால் உட்காருங்கள், அல்லது மேலடுக்குக்குப் போங்கள். வலை முடியும் இடத்துக்கு அப்பால் உள்ள கீழ்வரிசை இருக்கைகளில், கையில் பால் புட்டியோடு இருப்பவர் சீறிவரும் பந்தைப் பார்த்து ஒதுங்க நேரம் போதாது.

பின்னர் சேர்த்தது: மடியில் வைத்துக்கொள்ளும் குழந்தைக்குச் சீட்டு வேண்டுமா என்று வாசகர்கள் இருவர் கேட்டார்கள். வயது வரம்பு அணிக்கு அணி மாறுகிறது. சொந்த ஊர் விதியை வெளியூரில் நம்பாதீர்கள். என் டக்அவுட் கதையின் மறுபதிப்பாக அது முடியும்.

மூன்றாம் படி: உடை

வீரரின் பெயர் பொறித்த விலையுயர்ந்த ஜெர்சியைக் குழந்தைக்கு வாங்குவதை நான் எதிர்க்கிறேன். அடுத்த ஆண்டு அந்த வீரர் வேறு அணிக்கு மாற்றப்பட்டுவிடுவார், சட்டையும் சிறுத்துவிடும். அணியின் நிறத்தில் ஒரு டி-ஷர்ட்டும் தொப்பியும் போதும். அணிச் சின்னம் எதுவும் இல்லாத மேல்சட்டை ஒன்றைப் பையில் வைத்திருங்கள்; குளிருக்கும் உதவும், கூட்டத்தைக் கண்டு குழந்தை கூசினால் மேலே போட்டுக்கொள்ளவும் உதவும். மகனுக்கு அன்று அப்படி ஒன்று இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உங்கள் கைபேசி எண்ணைச் சட்டையின் உட்புறம் எழுதிவிடுங்கள். இருக்கை எண் எழுதிய கைப்பட்டையைக் குழந்தைகளுக்குக் கட்டிவிடும் சேவை பல மைதானங்களில் இலவசமாகவே கிடைக்கிறது. நுழைந்தவுடன் கேட்டு வாங்குங்கள்.

நான்காம் படி: பையும் சோறும்

பையின் அளவு, அது ஒளி ஊடுருவக்கூடியதாக இருக்க வேண்டுமா என்பன போன்ற விதிகள் மைதானத்துக்கு மைதானம் மட்டுமல்ல, ஆண்டுக்கு ஆண்டும் மாறுகின்றன. புறப்படும் நாளில் அந்த அணியின் தளத்தை ஒருமுறை பாருங்கள். பிட்ஸ்பர்க் வெளியுணவை உள்ளே அனுமதித்துவரும் மைதானம். நாங்கள் முதல் நாள் கோயில் உணவகத்தில் புளியோதரையைக் கூடுதலாக வாங்கி விடுதியின் குளிர்ப்பெட்டியில் வைத்துக்கொண்டோம். அது கெடாது, ஒழுகாது, ஆறினாலும் உண்ணலாம். மைதான உணவுக்கான செலவும் மிச்சம். தயிர் சாதத்தை வெயிலில் வைத்திருக்க வேண்டாம்.

காதை மூடும் ஒலித்தடுப்பான் ஒன்றை ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைக்குக் கட்டாயம் வாங்குங்கள். காதுக்குள் செருகும் வகை வேண்டாம், இரண்டே நிமிடத்தில் கழற்றி எறிந்துவிடுவார்கள். தலைக்கு மேல் மாட்டும் வகையே நல்லது. தள்ளுவண்டியை வாகனத்திலேயே விட்டுவிடுவது என் பழக்கம்.

ஐந்தாம் படி: நுழைவு

சீட்டுகள் எல்லாம் கைபேசிச் செயலியில்தான் இருக்கும். முந்தைய இரவே துணைவரின் கைபேசிக்கும் இரண்டு சீட்டுகளை அனுப்பிவிடுங்கள். ஒருவர் குழந்தையைக் கழிப்பறைக்கு அழைத்துப்போக, மற்றவர் உள்ளே செல்லலாம்.

நகரின் மையத்தில் வாகனத்தை நிறுத்திவிட்டு, ஆட்ட நாளில் வாகனங்களுக்கு மூடப்படும் ராபர்ட்டோ கிளெமென்டே பாலத்தின் மேல் நடந்து வருவதே எனக்குப் பிடித்த வழி. மஞ்சள் பாலம், கீழே அலெகெனி ஆறு, அக்கரையில் மைதானம். 2022, 2023 பருவங்களில் பழுதுபார்ப்புக்காக மூடிக்கிடந்த பாலம் இப்போது மீண்டும் திறந்திருக்கிறது. கால் வலிக்கிறது என்று சிணுங்கும் வயதென்றால், நகர மையத்துக்கும் ஆற்றின் வடகரைக்கும் இடையே கட்டணமின்றி ஓடும் "டி" ரயிலில் ஏறிக்கொள்ளுங்கள்.

பாலத்தின் மைதான முனையில் கிளெமென்டேயின் சிலை நிற்கிறது. நிகராகுவா நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவிப் பொருள்களை எடுத்துச் சென்ற விமானம் 1972 டிசம்பர் 31 அன்று விழுந்ததில் அவர் இறந்தார். அவருடைய சட்டை எண் 21 என்பதால் மைதானத்தின் வலப்பக்கச் சுவரை 21 அடி உயரத்துக்குக் கட்டியிருக்கிறார்கள். இதைச் சொன்ன பிறகு மகனுக்கு அது எதிரிகளின் கோட்டையாகத் தோன்றவில்லை. உட்கார்ந்தவுடன் சுவரைத்தான் தேடினான்.

கையெழுத்து வேண்டுமென்றால் வாயில் திறக்கும் நேரத்துக்கே போய், வந்த அணியின் டக்அவுட் அருகே நில்லுங்கள். வழக்கமாக உள்ளூர் அணி முதலில் பயிற்சி செய்துவிட்டுப் போய்விடும்; ரசிகர்கள் நுழையும்போது களத்தில் மட்டைப் பயிற்சியில் இருப்பது பெரும்பாலும் வெளியூர் அணி. நமக்கு வாய்த்த ஒரே சலுகை இது. ஆனால் சனிக்கிழமை இரவு ஆட்டத்துக்கு அடுத்து வரும் ஞாயிறு பிற்பகலில் களப்பயிற்சியையே பல அணிகள் விட்டுவிடுகின்றன என்பதைக் குழந்தையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆறாம் படி: ஆட்டத்தின்போது

ஒவ்வோர் இன்னிங்ஸிலும் வெளியூர் அணியே முதலில் மட்டை பிடிக்கும். ஆகவே கழிப்பறை, ஐஸ்கிரீம், விளையாட்டுப் பகுதி எல்லாவற்றையும் இன்னிங்ஸின் பிற்பாதியில் வைத்துக்கொண்டால், நம் அணி அடிக்கும் எந்த வாய்ப்பையும் குழந்தை தவறவிடாது.

இதே விதிக்கு ஒரு கசப்பான மறுபக்கமும் உண்டு. கடைசிப் பந்தில் ஒரே அடியில் ஆட்டத்தை முடிக்கும் "வாக்ஆஃப்" வெற்றி உள்ளூர் அணிக்கு மட்டுமே இயலும். அது நிகழும் கணத்தில் மைதானமே துள்ளிக் குதிக்க, நம் குழந்தை மட்டும் என்ன நடந்தது என்று விழிக்கும். எனவே எட்டாவது இன்னிங்ஸிலேயே, "நம் அணி முன்னால் இருந்தாலும் அவர்களுக்கு இன்னும் ஒரு முறை இருக்கிறது" என்று சொல்லிவைக்கிறேன்.

எதிரணி ரசிகர்களின் நடுவே எப்படி நடந்துகொள்வது என்பதற்கு எங்கள் வீட்டில் இரண்டே விதிகள்: ஒன்று, நம் அணிக்குக் கைதட்டலாம், ஆனால் அடுத்த அணியை இழித்துக் கத்தக் கூடாது; இரண்டு, எதிரணி வீரர் அற்புதமாகப் பந்தைப் பிடித்தால் அதற்கும் கைதட்ட வேண்டும். 1999இல் சேப்பாக்கத்தில் பாகிஸ்தான் வென்றபோது எழுந்து நின்று கைதட்டிய கூட்டத்தைப் பற்றி அப்பா சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான்; இரண்டாவது விதி அங்கிருந்து வந்தது. இதைக் கடைப்பிடித்ததால் பக்கத்து வரிசைகளின் நட்பு கிடைத்தது. "பூ" சத்தத்தைப் பற்றி மறுமுறை முன்னதாகவே விளக்கிவிட்டேன்: அது சட்டையின் மேல், உன் மேல் அல்ல.

மகளைப் பொறுத்தவரை அன்றைய முதன்மை நிகழ்ச்சி, ஐந்தாவது இன்னிங்ஸையொட்டி நடக்கும் பீரோகி ஓட்டம். பீரோகி என்பது கொழுக்கட்டையின் கிழக்கு ஐரோப்பிய உறவினர். அந்த வேடமிட்டவர்கள் களத்தைச் சுற்றி ஓடுவார்கள். அதில் ரெட்ஸும் இல்லை, பைரேட்ஸும் இல்லை. பச்சை நிற ஜலபீனோ ஹன்னாவுக்காக அவள் கத்தியபோது பின்வரிசைப் பைரேட்ஸ் குடும்பமும் சேர்ந்து கத்தியது. மற்ற மைதானங்களிலும் இப்படி ஒன்று பெரும்பாலும் இருக்கும். எந்த இன்னிங்ஸில் என்று தெரிந்துவைத்துக்கொண்டு, அந்த நேரத்தில் இருக்கையில் இருங்கள்.

மழை பற்றிப் பின்னர் சேர்த்தது

கிளீவ்லாந்தில் வாழும் வாசகி ஒருவரின் கேள்விக்குப் பிறகு இதை எழுதுகிறேன். ஆட்டம் மழையால் தொடங்கவே முடியாமல் போனால், உங்கள் சீட்டு வேறொரு நாளுக்குச் செல்லுபடியாகும் என்பார்கள். 185 மைல் தள்ளி இருப்பவருக்கு அந்த வேறொரு நாளால் பயனில்லை. ஐந்து இன்னிங்ஸ் முடிந்து, அல்லது உள்ளூர் அணி முன்னணியில் இருந்தால் நாலரை இன்னிங்ஸ் முடிந்து மழை வந்தால், அது முழு ஆட்டமாகக் கணக்கில் கொள்ளப்படும் வாய்ப்பு உண்டு. அப்போது வேறு நாளும் கிடையாது. அதனால் வெளியூர் ஆட்டத்துக்கு விலை உயர்ந்த இருக்கைகளை நான் வாங்குவதில்லை. வானிலையைப் பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை இரவு, முதல் பேஸ் பக்க மேலடுக்கில் வாங்குகிறேன். அன்றும் இடம் மிச்சமிருக்காதா என்று கேட்டார் அந்த வாசகி. இரண்டாம் முறை எங்களுக்குக் கிடைத்தது. பக்கத்தில் இருந்த ஐந்து பேரும் சிவப்புத் தொப்பி.