பண்டிகைச் சாப்பாடும் இதயமும்: இனிப்புக்குக் காவல் போட்டுவிட்டு உப்பை விட்டுவிடுகிறோம்

வீட்டில் ஒருவருக்கு இதய நோய் இருந்தால், பண்டிகை வந்ததும் எல்லோர் கண்ணும் இனிப்புத் தட்டின் மேல்தான் இருக்கும். அவர் கை அந்தப் பக்கம் நீண்டாலே நாலு பேர் அதட்டுவார்கள். அதே நாலு பேர்தான், "பாவம், சும்மா உட்கார்ந்திருக்கிறாரே" என்று உப்புத் தூவி வறுத்த கொட்டைகளையும் சிப்ஸையும் அவர் பக்கம் நகர்த்தி வைப்பார்கள்.

என் அப்பாவுக்கு இதயம் பலவீனமான பிறகு வந்த முதல் விடுமுறையில் நாங்களும் இப்படித்தான் இருந்தோம். ஓர் இனிப்பைக்கூட அவர் கண்ணில் காட்டவில்லை. நான்காம் நாள் காலையில் அவருக்குச் செருப்பு காலில் ஏறவில்லை. கணுக்கால் வீங்கியிருந்தது. இரவில் தட்டையாகப் படுக்க முடியாமல் இரண்டு தலையணை வைத்துத் தூங்கியிருக்கிறார், எங்களிடம் சொல்லவில்லை. மருத்துவர் இனிப்பைப் பற்றிக் கேட்கவே இல்லை. "எத்தனை நாளாக வெளிச் சாப்பாடு?" என்றுதான் கேட்டார்.

உப்பு எங்கே ஒளிந்திருக்கிறது

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு. தலை தட்டிய ஒரு தேக்கரண்டிக்குள் அடங்கிவிடும். சோடியம் கணக்கில் 2,000 மில்லிகிராம். சமையலில் போடுவது, மேலே தூவுவது, பொட்டலத்துக்குள் இருந்தே வருவது எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

உடலில் சோடியம் கூடினால் அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்த ஓட்டத்தில் நீர் கூடும், அழுத்தம் ஏறும். திடமான இதயமும் சிறுநீரகமும் ஓரிரு நாளில் இதைச் சரிக்கட்டிவிடும். பலவீனமான இதயத்தால் முடியாது. வெளியேற்ற முடியாத நீர் காலில் இறங்கும், நுரையீரலில் தேங்கும். மூச்சு வாங்குவது அதனால்தான்.

நாக்கை நம்பி உப்பைக் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் சிக்கல். ரொட்டி, பாலாடைக்கட்டி, பதப்படுத்திய இறைச்சி, பாக்கெட் சூப், சாஸ் எல்லாவற்றிலும் சோடியம் தாராளமாக இருக்கிறது. கேக்கில்கூட உண்டு, சோடா உப்பும் சோடியம்தானே. பொட்டலத்தின் பின்பக்கம் சோடியம் என்று போட்டிருக்கும் எண்ணை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. அது 100 கிராமுக்கா, ஒரு வேளைப் பரிமாறலுக்கா என்பதையும் பார்த்துவிடுங்கள். ஏமாறுவது பெரும்பாலும் அந்த வரியில்தான்.

உப்பைக் குறைக்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் செய்யும் ஒரு தவறு உண்டு. கடையில் 'சோடியம் குறைந்த உப்பு' வாங்கி வந்து வீட்டில் எல்லோருக்கும் அதையே போட்டுச் சமைப்பது. அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், ஸ்பைரோனோலாக்டோன், எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற இதய, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். அது இதயத் துடிப்பையே குலைக்கும். மருத்துவரைக் கேட்காமல் இதை வாங்காதீர்கள்.

இதயச் செயலிழப்பு, அதாவது இதயம் பலவீனமாகி ரத்தத்தைப் போதுமான அளவு தள்ள முடியாத நிலை, உள்ளவர்கள் ஊருக்குப் போனாலும் தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது கொழுப்பு அல்ல, நீர். வீக்கம் தெரியும்வரை காத்திருக்காமல் மருத்துவரை அழைத்துவிட வேண்டும். எங்களுக்கு இது அப்போது தெரியாது. எடை பார்க்கும் இயந்திரம் வீட்டில் கட்டிலுக்கடியில் கிடந்தது.

பகலெல்லாம் பட்டினி, இரவில் விருந்து

இது மிகப் பழைய தந்திரம், ஆரோக்கியமானவர்களும் செய்வது. பசியோடு பந்தியில் உட்கார்ந்தவன் மெதுவாகச் சாப்பிட்டதாகச் சரித்திரம் இல்லை. பத்து நிமிடத்தில் தட்டு காலியாகிவிடும். போதும் என்ற சேதி வயிற்றிலிருந்து மூளைக்குப் போய்ச் சேரவே அதைவிட நேரமாகும்.

பெரிய சாப்பாடு உள்ளே போனதும் குடலுக்கு ரத்தம் நிறையத் தேவைப்படும், அதற்காக இதயம் வேகமாக உழைக்கும். ரத்தத்தில் கொழுப்பு ஏறிச் சில மணி நேரம் அங்கேயே நிற்கும். அந்த நேரத்தில் ரத்தக் குழாய்களின் உட்சுவர் வழக்கம்போல் விரிந்து கொடுக்காது. வழக்கத்துக்கு மீறிய ஒரு பெரும் சாப்பாட்டுக்குப் பிந்தைய இரண்டு மணி நேரத்தில் மாரடைப்பு ஆபத்து சுமார் நான்கு மடங்காகிறது என்று அமெரிக்க இதய சங்கத்தின் 2000-ஆம் ஆண்டு மாநாட்டில் ஓர் ஆய்வு சொன்னது. இளைஞருக்கு நான்கு மடங்கு என்றாலும் மிகச் சிறிய எண்ணாகத்தான் இருக்கும். ஏற்கெனவே அடைப்பு உள்ளவருக்கு அப்படியல்ல.

நீரிழிவுக்கு இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர் மதியச் சாப்பாட்டை விட்டால் சர்க்கரை சரேலென்று இறங்கிவிடும். மயக்கம் வந்த பிறகு யோசித்துப் பயனில்லை. வழக்கமான நேரத்தில் வழக்கமான உணவைச் சாப்பிடுங்கள். விருந்துக்குக் கிளம்புமுன் ஒரு பழமோ ஒரு கிண்ணம் தயிரோ போதும். சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக நடங்கள். சர்க்கரை ஏறும் வேகம் அதிலேயே குறையும்.

'நல்லது' என்று நம்பிச் சாப்பிடுவது

எனக்கு அதிக எரிச்சல் தருவது இந்த வகைதான். தாவர எண்ணெய்ப் பொட்டலத்தில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று பெரிதாக அச்சடிக்கிறார்கள். எந்தத் தாவர எண்ணெயிலுமே சொல்லும்படியாகக் கொலஸ்ட்ரால் கிடையாது. பாமாயிலில் ஏறத்தாழ பாதி நிறைவுற்ற கொழுப்பு, தேங்காய் எண்ணெயில் அது 80 சதவீதத்துக்கும் மேல். ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுவது முக்கியமாக இந்தக் கொழுப்புதான். இதைவிட மோசமானது, எண்ணெயை ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கும்போது உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு. கெட்டதை ஏற்றி நல்லதை இறக்கும். அதை உணவிலிருந்தே ஒழிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் அறைகூவல் விடுத்தது. ஒரு வேளை அளவில் குறிப்பிட்ட வரம்புக்குக் கீழே இருந்தால் 'பூஜ்யம்' என்று போட்டுக்கொள்ளப் பல நாடுகளில் சட்டம் இடம் கொடுக்கிறது. அதனால் பூஜ்யத்தை விட்டுவிட்டுச் சேர்மானப் பட்டியலில் 'ஹைட்ரஜனேற்றிய' என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். பொரித்த எண்ணெயை எடுத்து வைத்து மறுநாளும் பொரிப்பதை நான் சிக்கனக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

சர்க்கரைக்குப் பதில் தேன், வெல்லம் போட்டால் ஆபத்தில்லை என்பதும் இந்த ரகம். உடல் இரண்டையும் சர்க்கரையாகத்தான் பார்க்கும். கூடுதலாகச் சேர்க்கும் சர்க்கரைக்கு அமெரிக்க இதய சங்கம் வைத்த வரம்பு பெண்களுக்கு ஒரு நாளைக்கு 25 கிராம், ஆண்களுக்கு 36 கிராம். 330 மில்லி கோலா ஒன்றிலேயே சுமார் 35 கிராம் இருக்கிறது. ஒரு துண்டு இனிப்பைப் பிடுங்கி வைத்தவர்கள் குளிர்பானத்தைக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றிக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கொட்டைகள் நல்லவைதான். உப்பில்லாமல், ஒரு கைப்பிடி, சுமார் 30 கிராம். கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு பேசினால் அது எத்தனை கைப்பிடி என்று யாருக்கும் தெரியாது.

மதுவைப் பற்றி. 1978-இல் எட்டிங்கர் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும், வார இறுதியிலும் விடுமுறையிலும் அளவுக்கு மீறிக் குடித்தவர்கள் தாறுமாறான இதயத் துடிப்போடு மருத்துவமனைக்கு வருவதைக் கவனித்து எழுதினார்கள். அதற்கு 'ஹாலிடே ஹார்ட்' என்றே பெயர் நின்றுவிட்டது. இதய நோயே இல்லாதவர்களுக்கும் வரும். சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டு புதிதாகத் தொடங்க வேண்டாம்.

மாத்திரையும் பண்டிகைக்கு லீவு எடுக்கக் கூடாது

பயணத்தில் கழிப்பறை தேட வேண்டியிருக்கும் என்று நீர் மாத்திரையை விட்டுவிடுவது மிகச் சாதாரணம். உப்பு கூடுகிற அதே நாளில் அதை வெளியேற்றும் மாத்திரையையும் நிறுத்தினால் என்ன ஆகும்? அப்பாவும் அதைத்தான் செய்திருந்தார். கிளம்பும் நாளில் எத்தனை மணிக்கு எடுக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டால் வழி சொல்வார்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்கள், விருந்துக்குப் பரிகாரமாகத் திடீரென்று கட்டுக்கட்டாகக் கீரை சாப்பிடக் கூடாது. கீரையிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். கீரையை விலக்கச் சொல்லவில்லை, எப்போதும் சாப்பிடும் அளவிலேயே இருக்கட்டும். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின், அடோர்வாஸ்டாட்டின் எடுப்பவர்கள் கிரேப்ஃப்ரூட் சாற்றைத் தவிர்ப்பது நல்லது. அது மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும்.

எடை விஷயம் பலரும் பயப்படும் அளவுக்கு இல்லை. 2000-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், விடுமுறைக் காலத்தில் ஏறிய எடை சராசரியாக 370 கிராம்தான். ஆனால் அது பிறகு இறங்கவும் இல்லை. பண்டிகை ஒரு நாள். மிச்ச உணவும் டப்பாக்களும் மூன்று வாரம். டப்பாவை யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

"வெறும் வாயுதான்"

ஸ்வீடனில் 1998 முதல் 2013 வரை பதிவான 2,80,000-க்கும் மேற்பட்ட மாரடைப்புகளை ஆராய்ந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளில் ஆபத்து 37 சதவீதம் கூடியிருந்தது, உச்சம் இரவு பத்து மணி வாக்கில். இதற்குச் சாப்பாடு மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது. கவலை, கோபம், அலைச்சல், தூக்கமின்மை எல்லாம் அந்த இரவில் சேர்ந்தே வருகின்றன.

அந்த நேரத்தில் நெஞ்சு அழுத்தினால் யாருக்கும் முதலில் தோன்றுவது அஜீரணம்தான். நிறையச் சாப்பிட்டிருக்கிறோமே. சோடா குடிப்பார்கள், வெந்நீர் குடிப்பார்கள், படுத்துப் பார்ப்பார்கள். கூட்டத்தைக் கலைக்க வேண்டாமே என்று விடியும்வரை பொறுப்பவர்களும் உண்டு. நெஞ்சில் பாரம், தாடைக்கோ தோளுக்கோ கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல் இவற்றில் எது வந்தாலும் அஜீரணம் என்று முடிவு கட்டாதீர்கள். பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் களைப்பு, குமட்டலாகவும் வரலாம். உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். நோயாளியை நடக்க விடாதீர்கள், வண்டி ஓட்டவும் விடாதீர்கள்.

அப்பாவின் சட்டைப்பையில் இப்போது மடித்த தாள் ஒன்று இருக்கும். ஒரு பக்கம் மாத்திரைகளின் பெயரும் நேரமும். மறுபக்கம், போகிற ஊரில் இரவிலும் திறந்திருக்கும் மருத்துவமனையின் தொலைபேசி எண். ஊருக்கு ஊர் அந்தப் பக்கத்தை மட்டும் நான் மாற்றி எழுதுகிறேன்.