கேத்திக்கு ஒரு டிக்கெட்: நீலகிரி மலை ரயிலில் இடம் கிடைக்காதவர்களுக்கு

மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்குக் கிளம்பும் மலை ரயிலில் இடம் இல்லை என்றதும் பலர் ரயில் ஆசையையே விட்டுவிட்டு வாடகைக் கார் பிடிக்கிறார்கள். அது தேவையில்லை. மொத்தம் 46 கி.மீ. பாதையில் குன்னூரிலிருந்து ஊட்டி வரையிலான 19 கி.மீ.க்குத் தனி டீசல் ரயில்களும் ஓடுகின்றன. முன்பதிவில்லாப் பெட்டியும் உண்டு. அதில் ஏறி, வழியில் வரும் கேத்தி நிலையத்தில் இறங்குங்கள்.

முதலில் முன்பதிவுச் சிக்கல். ஐ.ஆர்.சி.டி.சி.யில் 60 நாள் முன்பாகத்தான் பதிவு திறக்கும். ஆதார் சரிபார்க்காத கணக்கில் தட்கல் எடுக்க முடியாது. பதிவு திறக்கும் முதல் நாளும் ஆதார் கணக்குகளுக்கே. வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்குள்ள கைபேசி எண்ணோடு நள்ளிரவு வரை கண்விழித்துப் பயனில்லை. ஊரில் இருக்கும் தம்பியோ மாமாவோ தன் கணக்கில் உங்கள் பெயருக்கு எடுத்துத் தரட்டும்.

நீராவி எஞ்சின் மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரைதான். அதில் பல் சக்கரப் பாதை கல்லாறு முதல் குன்னூர் வரை. அங்கே ஏற்றம் 12 அடிக்கு ஓர் அடி என்பதால் எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து அடிக்கடி ரத்தாவதும் இந்தப் பகுதிதான். அப்போதும் குன்னூருக்கு மேலே ரயில் ஓட வாய்ப்பு அதிகம். முதல் நாளே நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டிகளில் கழிப்பறை கிடையாது. குழந்தைகளையும் பெரியவர்களையும் குன்னூர் நிலையத்திலேயே போய் வரச் சொல்லுங்கள். டிக்கெட்டுக்குச் சில்லறை நோட்டு வைத்திருங்கள். சித்திரை விடுமுறையில் கவுன்டர் வரிசைக்கு முன்கூட்டியே போகாவிட்டால் நின்றுகொண்டுதான் பயணம்.

வெலிங்டன், அருவங்காடு கடந்தால் கேத்தி. அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கிறது. அந்தப் பக்கம் கேமராவை நீட்டாதீர்கள். கேத்தி 2,000 மீட்டருக்கும் மேலே உள்ள சிறு நிலையம். ரயில் நிற்பது கொஞ்ச நேரமே, ஆகவே பைகளோடு முன்பே வாசலருகே வந்துவிடுங்கள். கீழே பள்ளத்தாக்கு முழுக்க படிப்படியாகக் கேரட், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்குத் தோட்டங்கள். நடுவே நீலகிரியின் படகர் சமூகத்தாரின் ஊர்களான ஹட்டிகள். பார்க்க வேண்டியது அதுதான். வெயில் அடித்தாலும் ஸ்வெட்டர் கையில் இருக்கட்டும், மேகம் மூடினால் சட்டென்று குளிரும்.

அடுத்த ரயிலுக்குச் சில மணி நேரம் ஆகலாம். காத்திருக்க மனமில்லை என்றால் எல்லநள்ளிக்கு வழி கேட்டு மெயின் ரோட்டுக்கு ஏறுங்கள். ஊட்டி, குன்னூர் பஸ்கள் அந்த வழியாகத்தான் போகும்.

காரில் வருகிறவர்கள் நீலகிரிக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும். ரயிலிலும் பஸ்ஸிலும் வருவோருக்கு அது வேண்டாம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை இருக்கிறது. எவர்சில்வர் பாட்டில் கொண்டு வாருங்கள். நிலையத்தில் தின்பண்டப் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்க வேண்டாம், குரங்கு பிடுங்கிக்கொண்டு போய்விடும்.