கூத்தை மேடையேற்றும்போது விடும் பிழைகள்

பள்ளிக்கூடங்களுக்கிடையே நடக்கும் தமிழ்த் தினப் போட்டி நெருங்கினால் திருகோணமலைப் பள்ளிக்கூட மண்டபங்களில் மத்தளச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். கூத்துப் பழக்குகிறவர்களில் பலர் நாடகமும் அரங்கியலும் படித்துவிட்டு வந்த இளம் ஆசிரியர்கள். படிப்பில் குறை சொல்ல ஏதும் இல்லை. வடமோடி, தென்மோடி என்ற இரண்டு கூத்து வகைகள், வட்டக்களரி, படச்சட்ட மேடை என்று எதைக் கேட்டாலும் வரைவிலக்கணம் சொல்லுவார்கள். சொல்லிக்கொண்டே, முன்னர் பழக்கியவர் விட்ட அதே பிழையைத் தாங்களும் விடுவார்கள். பாட்டு மறப்பது, சதங்கை அவிழ்வது, திரை சிக்குவது பற்றியெல்லாம் இங்கே நான் சொல்லப்போவதில்லை. அவற்றை மேடையே படிப்பித்துவிடும்.

களரிக் கூத்தை அப்படியே மண்டபத்தில் ஏற்றுவது

எத்தனை தரம் கண்டாலும் எரிச்சல் குறையாத பிழை இது. மாதக்கணக்கில் பழக்கியது ஒரே மாலையில் வீணாகிறது.

வட்டக்களரியில் சனம் சுற்றிவர இருக்கும். கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் மத்தளத்தோடு களரிக்குள்ளேயே நிற்பார். கூத்தர் நகர நகர அவரும் திரும்புவார். சல்லரி என்ற தாளம் போடுகிறவரும், கூத்தர் பாடியதைத் திருப்பிப் பாடும் பிற்பாட்டுக்காரரும் அவருக்குப் பக்கத்தில். அங்கே ‘முன்பக்கம்’ என்று ஒரு திசை கிடையாது. அதனால்தான் கூத்தர் ஒரு தருவை, அதாவது கூத்துப் பாட்டை, நாலு பக்கமும் போய்ப் பாடி ஆடுகிறார்; எட்டும் வீசாணமும் நாலடியும் அந்தத் தரைக்காக உண்டான ஆட்டங்கள். மண்டபத்துப் படச்சட்ட மேடையில் பார்ப்பவர் எல்லாரும் ஒரே பக்கம். அதே வட்டத்தை அங்கே போட்டால் பாதி நேரம் முதுகுதான் தெரியும். “அது மரபுதானே” என்று பதில் வரும். களரியில் ஒருவருக்கு முதுகு தெரியும்போது எதிர்ப்பக்கத்தாருக்கு முகம் தெரிகிறது. மண்டபத்தில் அந்த முகத்தைப் பின்திரைதான் பார்க்கிறது.

முதுகுகூடப் பரவாயில்லை, கணக்குத்தான் கவிழ்க்கும். இடுப்பிலிருந்து வளையமாக விரியும் கரப்புடுப்புக் கட்டிய ஒருவருக்கு மூன்று அடி, அடுத்தவருக்கு இடைவெளி மூன்று அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர் வட்டமாக ஆடினால் சுற்றளவு 30 அடி, விட்டம் ஏறக்குறைய ஒன்பதரை. இரண்டு புறமும் உடுப்பின் பாதி வெளியே நீட்டும். ஆகப் பன்னிரண்டரை அடி வேண்டும். பள்ளிக்கூட மேடையின் ஆழம் 12 அடி என்றால் முன்திரை விழும் கோடும் பின்திரையும் அதில் மூன்று அடியைத் தின்றுவிடும். மிஞ்சுவது ஒன்பது. ஐந்து பேர் கொள்ளாது. மூன்று பேர் என்றால் எட்டே முக்கால் அடி, மட்டுமட்டாகக் கொள்ளும்.

இந்தக் கணக்கைப் பார்க்காத ஒரு பள்ளிக்கூடக் கூத்தில் பாண்டவர் ஐவரும் ஒன்றாக வரவு, அதாவது பாத்திரம் முதலில் களத்துக்கு வரும் ஆட்டம், ஆடினார்கள். பழகியது மைதானத்தில். இரண்டாம் சுற்றில் தருமனின் கரப்பு வீமனின் கரப்பில் கொழுவிக்கொண்டது. இரண்டு பெடியளும் ஆட்டத்தை விட்டுக் குனிந்து கழற்றப் பார்க்கிறார்கள், மத்தளம் மட்டும் நிற்காமல் அடித்துக்கொண்டே போகிறது. அண்ணாவியாரைப் பக்கத்திரைக்குப் பின்னால் இருத்தியிருந்தார்கள். மேடையில் நடப்பது அவருக்குத் தெரியவே இல்லை. அவரை மறைப்பதுதான் இந்தப் பிழையின் இரண்டாம் பாதி. மத்தளக்காரர் காலைப் பார்த்து அடிக்கிறார். கூத்தர் மத்தளத்தைக் கேட்டு மிதிக்கிறார். நடுவே துணி தொங்கினால் நல்ல ஆட்டக்காரனுக்கும் தாளம் வழுவும்.

மண்டபத்துக்குக் கூத்தைக் கொண்டுவரவே கூடாது என்று சொல்லவில்லை. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்துகளைப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். இரவு முழுக்க ஆடும் கூத்தைச் சுருக்கி, ஆட்டங்களை மேடைக்கு ஏற்ப ஒழுங்குபடுத்தித்தான் ஏற்றினார். இன்றைக்குப் பழக்குகிறவர்கள் அவர் சுருக்கியதை எடுத்துக்கொண்டு, ஒழுங்குபடுத்தியதை விட்டுவிடுகிறார்கள்.

செய்யவேண்டியது இவ்வளவுதான். ஒத்திகை தொடங்குவதற்கு முன்பே, ஏறப்போகும் மேடையை அளவுநாடா கொண்டுபோய் அளவுங்கள். திரைகள் தின்னும் இடத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தை வகுப்பறைத் தரையில் வெண்கட்டியால் கீறி, நாலு மூலையிலும் கதிரை வையுங்கள். கரப்புத் தைத்து வரும்வரை பெடியளின் இடுப்பிலிருந்து பழைய சைக்கிள் ரயரைக் கயிற்றில் தொங்கவிட்டுப் பழக்கலாம். அகலம் உடம்புக்குப் பழகிவிடும். வட்டத்தைப் பிறையாக விரியுங்கள். எட்டு ஆட்டத்தை ஆழவாக்கில் போடாமல் மேடையின் அகலவாக்கில் படுக்கப் போடுங்கள். பாட்டுச் சொல் வரும்போது முகம் சனத்துக்கு இருக்கட்டும். திரும்புவதும் சுழல்வதும் சொல் முடிந்து மத்தளம் மட்டும் ஒலிக்கும் இடத்தில் வரட்டும். அண்ணாவியாரையும் பிற்பாட்டையும் மேடையின் முன்மூலை ஒன்றில், கூத்தரின் காலும் முகமும் தெரிய, சற்றுச் சரிவாக நிறுத்துங்கள். சனம் அவர்களைப் பார்த்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. களரியில் எப்போதும் பார்த்தவர்கள்தானே.

இன்னொரு வழியும் உண்டு, யாரும் துணிவதில்லை. மேடையை விட்டு இறங்கி, மண்டபத்து நடுவில் கதிரைகளை அகற்றி, வட்டமாகக் கயிறு கட்டிச் சனத்தைச் சுற்றிவர இருத்துங்கள். போட்டி நடுவர் மேசைக்கு ஒரு பக்கம் விட்டால் போதும்.

வலமும் இடமும்

மேடையில் வலம், இடம் என்றால் நடிகருடையவை. சனத்துடையவை அல்ல.

ஒலிவாங்கியைக் காவல் காப்பது

மேடை நடுவில் நிலைக்காலில் ஓர் ஒலிவாங்கியை நட்டுவிட்டால் கூத்து முடிந்தது. அரசனும் மந்திரியும், அரசன் வருவதை அறிவிக்கும் கட்டியகாரனும் அதையே தேடி வந்து நின்று பாடுவார்கள்; ஆட்டம் பாட்டுக்கு இடையில் செய்யும் சடங்காகிவிடும். பாடும் கூத்தருக்கு மேலே தொங்கும் இரண்டு, பிற்பாட்டுக்கு நிலைக்காலில் ஒன்று போதும். சல்லரியிலிருந்து அதைத் தள்ளி வையுங்கள். சல்லரி கிட்ட இருந்தால் வேறொன்றும் கேட்காது.

முடிக்கு நேர் மேலே விளக்கு

வடமோடிக் கூத்தர் தலையில் வைக்கும் முடி, அதாவது கிரீடம், உயரமும் பாரமும் கொண்டது. விளக்கை உச்சியில் தொங்கவிட்டால் முடியின் நிழல் கண்ணையும் மூக்கையும் மூடும். பின்வரிசைக்கு நாடி மட்டும் தெரியும். விளக்கை முன்னாலிருந்து, இரண்டு பக்கமும் 45 பாகை சரிவில் கொண்டுவாருங்கள். முடி மிகப் பெரிதென்றால் இன்னும் தாழ்த்துங்கள். நிழலைப் பற்றிய கவலை நமக்குப் புதிதில்லை. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று அரங்கை அளந்துவிட்டு, ‘தூண் நிழல் புறப்பட மாண் விளக்கு எடுத்து’ என்கிறார் இளங்கோவடிகள். தூணின் நிழல் அரங்கில் விழாமல் வெளியே போகவேண்டும். பெட்ரோல்மக்ஸ் ஆனாலும் எல்.ஈ.டி. ஆனாலும் பார்க்கவேண்டியது அதுதான்.

கூத்துக்கு ஆர்மோனியம்

வேண்டாம். அது இசை நாடகத்தின் வாத்தியம். பார்சி நாடகக் கம்பனிகளின் வழியில் வந்த இசை நாடகம், வர்ணத் திரையும் பக்கத்தட்டியுமாகப் படச்சட்ட மேடைக்கென்றே உருவானது. கூத்தர் தன் குரலுக்கு ஏற்ற சுருதியில் எடுப்பார், பிற்பாட்டு அதைப் பிடிக்கும். நடுவே ஆர்மோனியம் புகுந்தால் பதினாறு வயதுப் பெடியன் எட்டாத சுருதியில் கத்துவான்.

வடமோடி உடுப்பில் தென்மோடி ஆட்டம்

வாடகைக் கடையில் கிடைத்தது அதுதான் என்றால், கூத்தை மாற்றுங்கள்.

கச்சான் காற்றை மறந்து மேடை கட்டுவது

முற்றவெளி போன்ற கடற்கரை மைதானங்களில் கடல் பின்னணியாகத் தெரியவேண்டும் என்று ஆசைப்பட்டு மேடையைக் கிழக்கில் போடுவார்கள். ஆனி, ஆடியில் கச்சான் மேற்கிலிருந்து வீசும். கூத்தர் பாடுவது கடலுக்குப் போகும், சனத்துக்கு வராது. ஸ்பீக்கர் இருக்கிறதே என்பார்கள். ஒலிவாங்கியில் முதலில் ஏறுவது காற்றுத்தான். மேடையை மேற்கில் போட்டால் காற்றே குரலைச் சனத்திடம் கொண்டுவரும். ஒரே இடைஞ்சல், பார்ப்பவர் கண்ணில் அந்திவெயில் அடிக்கும். ஆறரைக்குப் பிறகு தொடங்குங்கள். பின்திரையில் முழத்துக்கு ஒரு கீறல் விட்டு, அடி விளிம்பில் கம்பு கோத்துக் கட்டுங்கள். இல்லாவிட்டால் தட்டி, கம்பம் எல்லாவற்றையும் சேர்த்து இழுத்து விழுத்தும்.

வரவை வெட்டுவது

இருபது நிமிடத்துக்குள் முடிக்கவேண்டும் என்றவுடன் எல்லாருக்கும் முதலில் கை போவது வரவில்தான். கதைக்கு அது தேவையில்லை என்று நினைப்பு. எல்லா வரவையும் அரைகுறையாக நறுக்கிவிட்டு வசனத்தை முழுதாக வைப்பார்கள். கடைசியில் கூத்து உடுப்போடு ஒரு பேச்சு நாடகம் மிஞ்சும். பாத்திரங்களைக் குறையுங்கள். தூதுவன், சேடி, இரண்டாம் மந்திரி எல்லாரையும் கட்டியகாரன் வாயில் ஒரு விருத்தமாக்கி விடலாம். பிரதான பாத்திரத்துக்கு மட்டும் வரவை முழுதாக விடுங்கள். நாலு நிமிடம் போனாலும் போகட்டும்.