மார்கழியில் சபா சுற்ற ஒரு வழி

கர்நாடக இசைக் கச்சேரிகள் நடக்கும் சென்னை சபாக்களைப் பார்க்க வேண்டும், ஆனால் டிக்கெட் விலை யோசிக்க வைக்கிறதா? மதியக் கச்சேரிகளுக்குப் போங்கள். டிசம்பரில் பல சபாக்களில் மதிய நிகழ்ச்சிகள் இலவசம். இளம் கலைஞர்கள் பாடுவார்கள், முன்வரிசையிலேயே இடம் கிடைக்கும். மாலையில் பெரிய வித்வான்கள் மேடையேறும்போதுதான் டிக்கெட்.

ஒரே நாளில் நாலைந்து இடம் என்று அலைய வேண்டாம். டி.டி.கே. சாலையில் மியூசிக் அகாடமியும் நாரத கான சபாவும் நடக்கிற தூரம்தான்; ஒரு நாளுக்கு அது போதும். மயிலாப்பூர் பாரதிய வித்யா பவனையும் ரசிக ரஞ்சனி சபாவையும் இன்னொரு நாள் சேர்த்துக்கொள்ளலாம், நடுவில் கபாலீசுவரர் கோயில் வேறு இருக்கிறது. திருவான்மியூர் கலாக்ஷேத்ரா தனி. அங்குள்ள அரங்கம் கேரளக் கூத்தம்பல (கோயில் கூத்து மண்டபம்) பாணியில் கட்டியது. கச்சேரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தக் கூரைக்காகவே போகலாம்.

ஏசி குளிரும், ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்புவதானால் ஒரு பாட்டு முடிந்ததும் எழுந்திருங்கள். தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கூட்டமாக கேன்டீனுக்கு நழுவுகிறார்கள் பாருங்கள், மிருதங்கக்காரருக்கு அதைவிட அவமானம் வேண்டாம். தவலை வடை எங்கும் ஓடிப்போகாது.