திருந்திய வில்லன் கம்பெனி தொடங்கும் கதை: காமிக்ஸ் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊரைக் கொளுத்தியவனே இன்று ஊரைக் காப்பாற்றக் கட்டணம் கேட்கிறான். காமிக்ஸுக்கு அருமையான கரு. சண்டைக்கும் இடம் உண்டு, மனப் போராட்டத்துக்கும் இடம் உண்டு. அப்படியிருந்தும் இந்தக் கருவில் எழுதப்படும் ஸ்கிரிப்டுகள் பல இரண்டாவது இதழிலேயே மூச்சு வாங்கத் தொடங்கிவிடுகின்றன.

காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். 'திருந்திய வில்லன்' என்ற பாதிக்குக் கொடுக்கும் உழைப்பில் கால்வாசியைக்கூடக் கதாசிரியர் 'தொழில்' என்ற பாதிக்குக் கொடுப்பதில்லை. அலுவலகம், பெயர்ப் பலகை, விசிட்டிங் கார்டு எல்லாம் வரைந்தாகிவிட்டது. பணம் யார் தருகிறார், எதற்குத் தருகிறார், எப்போது தருகிறார் என்பது மட்டும் முடிவாகவில்லை. இந்த மாதிரிக் கதையின் அறச் சிக்கல் முழுக்க அந்த மூன்று கேள்விகளுக்குள்தான் கிடக்கிறது.

எளிதாகப் புரிய ஒரே பாத்திரத்தை வைத்துப் பார்ப்போம். தீ வைப்பதில் பேர்போன ஒரு வில்லன், தண்டனை முடிந்து வந்து தீ மீட்பு நிறுவனம் தொடங்குகிறான்.

பணம் தருவது யார்?

அடிக்கடி நடக்கும் தவறு, காப்பாற்றப்படுபவரிடமே அந்த இடத்திலேயே பேரம் பேச வைப்பது. எட்டாவது மாடி ஜன்னலில் புகைக்கு நடுவே நிற்பவர் எந்தத் தொகைக்கும் தலையாட்டுவார். அந்தச் சம்மதத்துக்கு மதிப்பே இல்லை. வாசகருக்கு அது மாமூல் வசூல் மாதிரிதான் தெரியும். ரோமாபுரியின் பெரும் பணக்காரன் கிராசஸ், தீப்பற்றிய வீடுகளையும் பயத்தில் இருக்கும் அக்கம்பக்கத்து வீடுகளையும் அடிமாட்டு விலைக்கு வாங்கிச் சொத்து சேர்த்ததாகப் பண்டைய வரலாற்றாசிரியர் புளூடார்க் எழுதியிருக்கிறார். உங்கள் நாயகன் அவனைப் போல நடந்துகொண்டால் அவன் இன்னும் வில்லன்தான். அப்படித்தான் காட்ட வேண்டும் என்றால் தெரிந்தே காட்டுங்கள்; தெரியாமல் எழுதிவிட்டுப் பின்னணியில் வெற்றி இசை போடாதீர்கள்.

இரண்டாவது வழி, காப்பீட்டு நிறுவனம் பணம் தருவது. இதற்கு வரலாற்றிலேயே அடித்தளம் இருக்கிறது. 1666 பெருந்தீக்குப் பிறகு லண்டனில் தீக் காப்பீட்டு நிறுவனங்கள் தங்களுக்கென்றே தீயணைப்புக் குழுக்களை வைத்திருந்தன. காப்பீடு செய்த வீட்டுச் சுவரில் நிறுவனத்தின் உலோகத் தகடு பதிக்கப்பட்டிருக்கும். இந்தத் தகடு ஓவியருக்கு ஒரு வரம். ஒரே தெருவில் தகடு உள்ள வீடும் இல்லாத வீடும் பற்றி எரிகின்றன, வண்டியில் தண்ணீர் ஒரு வீட்டுக்குத்தான் போதும் என்றால், வசனமே இல்லாமல் கதை நடந்துவிடும்.

ஆனால் கட்டணத்தை எப்படி வைக்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். ஒவ்வொரு தீக்கும் இவ்வளவு என்று வைத்தால், தீ அதிகமானால் அவனுக்கு லாபம். முன்னாள் தீவைப்பாளன் மீது போலீஸ் சந்தேகப்பட இதைவிட நல்ல காரணம் தேவையில்லை. மாதாமாதம் நிலையான சந்தா என்று வைத்தால் கதை தலைகீழாகிறது: தீ குறைந்தால்தான் லாபம், எனவே அவன் பழைய மின்கம்பிகளையும் பூட்டிக் கிடக்கும் அவசரக் கதவுகளையும் தேடி அலைவான். இரண்டில் எதுவும் தவறல்ல. முதல் இதழில் ஒன்று, மூன்றாவது இதழில் சொல்லாமல் கொள்ளாமல் இன்னொன்று என்று மாறுவதுதான் தவறு.

விளம்பரதாரர் பணம் தரும் வழியும் உண்டு. 1986-ல் அமெரிக்க காமிக்ஸ் நிறுவனமான டிசி வெளியிட்ட 'பூஸ்டர் கோல்ட்' இதைத்தான் எடுத்துக்கொண்டது: பந்தயப் பணத்துக்காக ஆட்டத்தை விட்டுக்கொடுத்துப் பிடிபட்ட எதிர்கால விளையாட்டு வீரன், அருங்காட்சியகத்தில் திருடிய கருவிகளோடு நம் காலத்துக்கு வந்து, உடையில் நிறுவனச் சின்னங்களை ஒட்டிக்கொண்டு வீரம் காட்டுகிறான். இங்கே கேள்வி வேறு. விளம்பரதாரரின் தொழிற்சாலையிலேயே விதிமீறல் கண்டால் என்ன செய்வான்? அந்தக் காட்சியை எழுத உங்களுக்கு மனம் இல்லையென்றால் விளம்பரதாரரைக் கொண்டுவராதீர்கள்.

ஸ்கிரிப்ட் தொடங்கும் முன் அரைப் பக்கத்தில் ஒரு கட்டணச் சீட்டு எழுதி வையுங்கள். எதற்குக் காசு, எது இலவசம், எத்தனை நாளில் செலுத்த வேண்டும், எந்த வேலையை எவ்வளவு கொடுத்தாலும் ஏற்கமாட்டான். நான்கு வரி போதும். நான்காவது வரிதான் பாத்திரத்தின் முதுகெலும்பு. அதை நிரப்ப முடியாவிட்டால் பாத்திரம் இன்னும் பிறக்கவில்லை என்று பொருள்.

தொகையை எப்போதும் கோடிகளில் வைப்பதும் ஒரு பழக்கதோஷம். சின்னத் தொகைதான் குணத்தைக் காட்டும். 1972-ல் 'ஹீரோ ஃபார் ஹயர்' இதழில் கட்டண வீரனாக அறிமுகமான லூக் கேஜ், மார்வெல் நிறுவனக் கதைகளின் பெரிய வில்லன் டாக்டர் டூம் பாக்கி வைத்த வெறும் 200 டாலரை வசூலிக்க அவன் நாட்டுக்கே போனான். வாசகர்கள் இன்றும் அதைப் பேசுகிறார்கள். இருபது லட்சம் டாலராக இருந்திருந்தால் யாருக்கும் நினைவிருந்திருக்காது.

கணக்கில் செலவும் வேண்டும்

ஒரு மீட்புக்குக் கட்டணம் 100 அலகு என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் 40, காப்பீட்டு பிரீமியம் 25, கருவியும் மருந்தும் 15, பழைய பாதிக்கப்பட்டவர்களுக்கு ஈடு 10. மிச்சம் 10. இப்போது அவன் ஒரு சுவரைத் தேவையில்லாமல் உடைக்கிறான். காப்பீட்டில் அவன் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கு 60. ஆறு மீட்புகளின் லாபம் ஒரே உதையில் போய்விட்டது. அடுத்த சுவரின் முன் அவன் ஒரு நொடி தயங்குவான். அந்தத் தயக்கத்தில் உள்ளே யாராவது மூச்சுத் திணறினால்? இந்த மாதிரி நெருக்கடி எந்தச் சக்திவாய்ந்த எதிரியும் தராதது. இடிபாடுகளுக்கு யார் பொறுப்பு என்பதையே கருவாக்கி, சண்டைக்குப் பின் ஊரைச் சீரமைக்கும் நிறுவனத்தை மார்வெல் 1980-களின் இறுதியில் 'டேமேஜ் கண்ட்ரோல்' என்று உருவாக்கியது.

மேலே உள்ள கணக்கில் ஈட்டுத் தொகை வெறும் 10 என்பது வாசகரை உறுத்த வேண்டும். உறுத்தட்டும். அதை 30 ஆக்கச் சொல்லி ஒரு பழைய பாதிக்கப்பட்டவர் அலுவலகத்துக்கு வந்தால் ஒரு முழு இதழுக்கான கதை கிடைத்துவிட்டது.

முதலீடு எங்கிருந்து வந்தது என்பதையும் ஒரே வரியிலாவது சொல்லிவிடுங்கள். பழைய கொள்ளைப் பணம் என்றால் அவன் திருந்தியதாக யாரும் ஏற்கமாட்டார்கள். கடன் என்றால் கடன் கொடுத்தவர் யார்? குற்றப் பதிவு உள்ளவனுக்குக் காப்பீடு தர யார் முன்வந்தார்? முகமூடியோடு ஒப்பந்தத்தில் எந்தப் பெயரில் கையெழுத்துப் போடுகிறான்? எல்லாவற்றுக்கும் விளக்கம் வேண்டாம். கதாசிரியருக்குப் பதில் தெரிந்திருந்தால் அது வசனத்தில் தானாகக் கசியும்.

திருந்தியது எப்படி?

ஒரே பேனலில் (பக்கத்தின் ஒரு படக் கட்டத்தில்), ஒரு குழந்தையின் அழுகையைப் பார்த்து மனம் மாறுவது இனி எடுபடாது. நன்றாக நிற்கும் பழைய உதாரணங்களைப் பாருங்கள். 1941-ல் ஜாக் கோல் உருவாக்கிய பிளாஸ்டிக் மேன், ஈல் ஓபிரையன் என்ற திருடன். ரசாயன ஆலைக் கொள்ளையில் சுடப்பட்டு, அமிலம் பட்டு, கூட்டாளிகளால் கைவிடப்பட்டவனைத் துறவி ஒருவர் காப்பாற்றுகிறார். திருந்திய பிறகும் திருடன் அடையாளத்தை அவன் விடவில்லை; பாதாள உலகத்தில் காதைத் தீட்டி வைக்க அது உதவுகிறது. 1997-ல் குர்ட் பியூசிக்கும் மார்க் பேக்லியும் தொடங்கிய 'தண்டர்போல்ட்ஸ்' குழுவோ வேஷம்தான். வீரர்களாக நடிக்கும் வில்லன்கள் என்பது முதல் இதழின் கடைசிப் பக்கத்தில்தான் தெரியும். நடிக்க நடிக்கச் சிலருக்கு அது பிடித்துப்போகிறது. மனம் மாறிப் பின் செயல் மாறுவதைவிட, செயல் பழகிப் பின் மனம் மாறுவது தொழில் கதைக்கு மிகப் பொருத்தம்.

நம் வாசகர்களுக்கு நெருக்கமான ஸ்பைடரையும் (ஸ்பைடர்மேன் அல்ல) சொல்ல வேண்டும். 1965-ல் பிரிட்டனின் லயன் இதழில் குற்றச் சாம்ராஜ்யம் கட்டக் கிளம்பியவனாக வந்தான். பின்னர் ஜெர்ரி சீகல் எழுதியபோது குற்றவாளிகளை வேட்டையாடுபவனாக மாறினான். மாறாதது அவன் ஆணவம். திருந்தியவனிடம் குணத்தை மொத்தமாகத் துடைத்துவிடுவது பெரிய தவறு. வாசகர் நேசித்தது அந்தக் குணத்தைத்தான்.

நிஜ மனிதரில் முன்மாதிரி வேண்டுமென்றால் பிரான்ஸின் வீடோக் இருக்கிறார். குற்றவாளியாக இருந்தவர், பாரிஸ் துப்பறியும் பிரிவுக்குத் தலைவரானார், முன்னாள் கைதிகளையே ஆட்களாக வைத்துக்கொண்டார், 1833-ல் தனியார் துப்பறியும் நிறுவனம் தொடங்கினார். தானே குற்றத்தைத் தூண்டிவிட்டுத் தானே பிடிக்கிறார் என்ற பழி அவரைக் கடைசிவரை துரத்தியது. போலீஸ் அவரைக் கைதுசெய்ததும் உண்டு. உங்கள் வில்லனுக்கும் அந்தப் பழி வரும், வர வேண்டும். ஆனால் அது கடைசியில் உண்மையாகவே இருந்தது என்று முடிப்பது தேய்ந்துபோன திருப்பம். வாசகர் இரண்டாம் பக்கத்திலேயே ஊகித்துவிடுவார். அவனுக்குத் தெரியாமல், மாத இலக்கை எட்டுவதற்காக அவனுடைய ஊழியர் ஒருவர் தீ வைத்தார் என்று வைத்துப் பாருங்கள். குற்றமும் அவன் கட்டிய அமைப்பிலிருந்தே வருகிறது, பொறுப்பும் அவன் தலையில் விழுகிறது.

இலவசமாகக் காப்பாற்றும் பழைய வீரரை முட்டாளாக்காதீர்கள். அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தால்தான் மோதல் எடையோடு இருக்கும்.

அவன் அறிவைப் பக்கத்தில் காட்டுவது

நிறைய ஸ்கிரிப்டுகளில் திருந்திய வில்லன் மற்ற வீரர்களைப் போலவே சண்டை போடுகிறான். அவனைக் கூலிக்கு எடுப்பதற்கான காரணமே அங்கே செத்துவிடுகிறது. தீவைப்பாளனுக்கு நெருப்பு தெரியும். அதை ஒரு பக்கத்தில், ஐந்து பேனலில் காட்டிவிடலாம்.

முதல் பேனல்: மூடிய கதவு. அடியிலிருந்து புகை விட்டுவிட்டு வருகிறது. வசனம் இல்லை. இரண்டு: கையுறையைக் கழற்றி, புறங்கையைக் கதவருகே கொண்டுபோகிறான். மூன்று: பின்னால் ஒருவர், "உடைங்க, உள்ளே ஆள் இருக்கு!" இவன், "கூடாது." நான்கு, மிக நெருக்கத்தில்: வெளியே வந்த புகை கதவடியில் திரும்ப உள்ளே இழுபடுகிறது. ஐந்து: ஆட்கள் கூரை பக்கம் ஓட, "முதல்ல மேல திறங்க. புகை வெளியேறட்டும்."

உள்ளே ஆக்ஸிஜன் தீர்ந்து, சூடான வாயு மட்டும் நிறைந்திருக்கிறது. கதவைத் திறந்தால் காற்று பாய்ந்து அறையே வெடிக்கும். புகை உள்ளும் புறமும் மூச்சு விடுவதும், ஜன்னல் கண்ணாடியில் கருங்கறை படிவதும் அதற்கு அடையாளம். இவ்வளவையும் அவன் வாயால் விளக்க வைத்தால் பக்கம் படுத்துவிடும். அதற்குப் பதிலாகப் பத்துப் பக்கம் முன்பு, வில்லனாக இருந்த நாளில், இதே மாதிரிக் கதவை வைத்து அவன் தீயணைப்பு வீரர்களைச் சிக்கவைத்ததைக் காட்டியிருக்க வேண்டும். அதே கோணம், அதே கதவு. இரண்டையும் இணைப்பதை வாசகர் பார்த்துக்கொள்வார்.

ஒப்பந்தப் பேச்சுக் காட்சிகளில் வேறொரு ஆபத்து: மேசைக்கு இரு புறமும் இரண்டு தலைகள், நடுவில் வசன பலூன்களின் குவியல். 20 பக்க இதழில் அலுவலகத்துக்கு 4 பக்கத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். பேசும்போது கைக்கு வேலை கொடுங்கள்: கருகிய கையுறையைத் தைக்கிறான், மூச்சுக்கருவியின் அழுத்தமானியைச் சரிபார்க்கிறான். ஆங்கிலத்தில் ஒரு பேனலுக்கு 35 சொல் என்பது பழகிய வரம்பு. தமிழில் சொற்கள் நீளம், 20-க்குள் நிறுத்துங்கள். எழுத்துக்கு மேலே புள்ளியும் கீழே உகரக் குறியும் வருவதால் வரி இடைவெளியும் கூடுதலாக வேண்டும். 'ஒப்பந்ததாரர்', 'இழப்பீட்டுத்தொகை' இரண்டும் ஒரே பலூனில் வந்தால் அது ஓவியத்தை விழுங்கிவிடும். 'பணம் கட்டுறவர்', 'ஈடு' போதும்.

உடை பற்றி ஒரு வார்த்தை. பழைய அமெரிக்க அச்சில் வீரர்களுக்குச் சிவப்பு, நீலம், மஞ்சள். வில்லன்களுக்குப் பச்சையும் ஊதாவும் என்பது பொதுவான வழக்கு. திருந்தியதும் நிறத்தை மாற்றலாம். நிழலுருவை மாற்றாதீர்கள். கறுப்பு மையால் மட்டும் நிரப்பிப் பார்த்தாலும் அதே ஆள் என்று தெரிய வேண்டும்; தெருவில் ஜனங்கள் அவனைக் கண்டு ஒதுங்குவதற்குக் காரணமும் அதுதான்.

அதிர்ச்சியை இரட்டைப்படைப் பக்க எண்ணில், அதாவது தாளைத் திருப்பியதும் வரும் முதல் பேனலில் வையுங்கள். முதல் இதழின் கடைசி அதிர்ச்சிக்கு நாங்கள் பரிந்துரைப்பது இது. 19-ஆம் பக்கத்தின் அடியில் அலுவலகக் கதவு தட்டப்படுகிறது. திருப்பினால் முழுப் பக்கப் படம்: அவன் கொளுத்திய வீட்டுக்காரி, கையில் முன்பணத்தோடும் நிரப்பிய சந்தா படிவத்தோடும் நிற்கிறாள். படிவத்தில் முகவரி, அதே எரிந்த வீடு.